புல்லின் உயரம்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

போர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் வருவன வாளும் வேலும் குதிரையும் பீரங்கியுமே ஆகும். வென்ற தளபதியின் பெயர் நினைவுக்கு வரும். தோற்ற மன்னனின் பெயரும் வரும். அவர்கள் காலடியில் கிடந்த புல்லும் பயிரும் எவர் நினைவுக்கும் வருவதில்லை. தேர்விலும் அதைப் பற்றி வினா வருவதில்லை. ஆனால் கடந்த ஓராண்டாக நான் அந்தப் புல்லைப் பற்றித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அதன் உயரம் என்ன, நிறம் என்ன, எங்கே நிற்க வேண்டும், எங்கே மிதிபட்டுக் கிடக்க வேண்டும் என்று அளவுகோலும் கையுமாக அலைந்திருக்கிறேன். அதனால் நான் கற்றுக்கொண்டவற்றை ஆசிரியப் பெருமக்களோடும் மாணவ நண்பர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிற்றுருவப் போர் விளையாட்டு

மேசையின் மேல் சிறு படைவீரர் உருவங்களை நிறுத்தி, அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டி, பழைய போர்களை மீண்டும் நடத்திப் பார்க்கும் விளையாட்டு ஒன்று மேலைநாடுகளில் உண்டு. இதன் வேர் பிரஷ்யாவில் இருக்கிறது. ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1812-ஆம் ஆண்டில் ஒரு போர் விளையாட்டு மேசையைத் தம் மன்னருக்கு வழங்கினார். அவர் மகன் அதைச் சீர்திருத்தி 1824-இல் விதிகளை நூலாக வெளியிட்டார். பிரஷ்யப் படை அதைத் தன் அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டது. ஆங்கில நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலை எழுதி, அதே கருத்தை வீட்டுத் தரையில் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடும் பொழுதுபோக்காக்கினார். இன்று உலகெங்கும் பலர் இதில் ஈடுபட்டிருக்கின்றனர்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் சித்தப்பா விடுமுறையில் வந்தபோது ஈயக் கலவையில் வார்த்த உருவங்கள் கொண்ட பெட்டி ஒன்றை எனக்குத் தந்தார். 1815-ஆம் ஆண்டு ஆங்கிலேயக் காலாட்படை வீரர்கள் அவர்கள். ஒவ்வொருவரும் நம் சுண்டுவிரல் நகத்தின் நீளமே இருப்பார்கள். வண்ணம் பூசுவது ஒரு பாதி வேலை. மறுபாதி, அவர்களை நிறுத்துகின்ற அடித்தட்டை நிலமாக மாற்றுவது. வெறும் தட்டின் மேல் நிற்கும் வீரன் கடைப் பொம்மைதான். மண்ணும் கல்லும் புல்லும் சேர்ந்த பிறகே அவன் ஓர் ஊரில், ஒரு நாளில், ஒரு வயலில் நிற்கிறான்.

அந்தப் புல்லைக் கடையிலேயே விற்கிறார்கள். அதற்குப் புற்கொத்து என்று பெயர் வைத்துக்கொள்வோம். மெல்லிய நைலான் இழைகளைக் குட்டையாக நறுக்கி, ஒட்டாத தாளின் மேல் இட்ட பசைப் பொட்டுகளில் நட்டுத் தயாரிக்கிறார்கள். நடுவது கையால் அன்று. இழைகளுக்கு உயர் மின்னழுத்தம் ஏற்றப்படும். மின்னேற்றம் பெற்ற இழைகள் மின்புலக் கோடுகளின் வழியே நேராகப் பாய்ந்து பசையில் செங்குத்தாக நின்றுவிடும். துணியில் வெல்வெட் போன்ற மேற்பரப்பை உண்டாக்குவதும் இதே முறைதான் என்று இயற்பியல் துறை நண்பர்கள் விளக்கினார்கள். பசை காய்ந்ததும், இடுக்கியால் ஒரு கொத்தைப் பிடுங்கி வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். 2 மி.மீ., 4 மி.மீ., 6 மி.மீ., 12 மி.மீ. என்று பல உயரங்களில் கிடைக்கின்றன. இளவேனில் பச்சை, கோடைப் பச்சை, இலையுதிர் காலப் பழுப்பு, காய்ந்த வைக்கோல் நிறம் என்று நிறங்களும் பல.

இத்தனையில் எதைத் தேர்ந்தெடுப்பது? நான் இந்தக் கேள்வியோடு விடுதி அறையில் உட்கார்ந்திருந்தபோது நண்பன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, புல்லுக்கா இவ்வளவு கணக்கு?" என்று சிரித்தான். கணக்கு இல்லாமல் முடியாது என்பதை அவனுக்குக் காட்ட வேண்டியதாயிற்று.

ஆளே அளவுகோல்

நவராத்திரிக் கொலுவில் பூங்கா அமைப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மண் பரப்பிக் கேழ்வரகோ கடுகோ தூவி நீர் தெளித்தால் நாலைந்து நாளில் பச்சைப்பசேலென்று முளைத்துவிடும். செட்டியார் பொம்மையின் தோளுக்கு மேல் முளை வளர்ந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை. கொலு அளவுக்குக் கட்டுப்பட்டதன்று. அங்கே பசுமையே மங்கலம். ஆனால் வரலாற்றில் நடந்த ஒன்றைக் காட்டுகிறோம் என்று சொல்லிவிட்டால் அந்த உரிமை போய்விடுகிறது. அங்கே ஆளின் உயரத்தை வைத்தே புல்லின் உயரத்தை அளக்க வேண்டும்.

இவ்வுருவங்கள் பல அளவுகளில் வார்க்கப்படுகின்றன. 28 மி.மீ. உருவம் ஏறத்தாழ 60-இல் ஒரு பங்கு, 15 மி.மீ. உருவம் 100-இல் ஒரு பங்கு, 10 மி.மீ. உருவம் 160-இல் ஒரு பங்கு, 6 மி.மீ. உருவம் 300-இல் ஒரு பங்கு. இப்போது ஒரே 4 மி.மீ. புற்கொத்தை இந்நான்கு வீரர்களின் பக்கத்திலும் வைத்துப் பாருங்கள். 28 மி.மீ. வீரனுக்கு அது 24 செ.மீ. உயரம், கணுக்காலைத் தாண்டிய மேய்ச்சல் புல். 15 மி.மீ. வீரனுக்கு 40 செ.மீ.; முழங்காலைத் தொடவரும் புல். 10 மி.மீ. வீரனுக்கு 64 செ.மீ.; தொடையளவு. 6 மி.மீ. வீரனுக்கோ 120 செ.மீ.; நெஞ்சளவு! கடைக்காரர் ஒரே பெட்டியைத்தான் நால்வருக்கும் விற்கிறார். ஒருவன் புல்வெளியில் நடக்கிறான். மற்றொருவன் புதரில் மூழ்குகிறான்.

உயரத்தை வெட்டிக் குறைக்கலாம். பருமனைக் குறைக்க வழியில்லை. நம் தலைமுடி ஒன்றின் பருமன் ஏறத்தாழ 0.07 மி.மீ. அந்த மெல்லிய முடியையே 6 மி.மீ. வீரன் பக்கத்தில் நட்டால், அவன் கண்ணுக்கு அது 2 செ.மீ. பருமன் உள்ள தண்டாகத் தெரியும். கரும்பு போன்ற புல்! ஆகவே உருவம் சிறுக்கச் சிறுக்கத் தனித்தனி இழைகளைக் கைவிட்டு, நுண்ணிய மரத்தூளுக்குச் சாயமேற்றித் தூவுவதே பொருந்தும். 6 மி.மீ. அளவில் விளையாடுவோருக்கு என் பரிந்துரை இதுவே: தரைக்கு மரத்தூள், புற்கொத்து வேண்டுமானால் 2 மி.மீ. மட்டும், அதுவும் ஒன்றோ இரண்டோ.

கொத்தின் அகலத்தையும் மறக்கலாகாது. அவை பெரும்பாலும் வட்டப் பொட்டுகளாக வருகின்றன. 5 மி.மீ. அகலமுள்ள பொட்டு 6 மி.மீ. வீரனுக்கு ஒன்றரை மீட்டர் அகலமுள்ள வட்டப் பாத்தி. நாலைந்தை அப்படியே ஒட்டினால் நிலம் புள்ளிச் சேலை போலாகிவிடும். கத்தரியால் இரண்டாக, மூன்றாக வெட்டி, ஓரம் பிய்த்து ஒட்டினால் வட்டம் தெரியாது. இயற்கையில் புல் முளைக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். கல்லின் அடியிலும், வேலியோரத்திலும், நீர் தேங்கும் பள்ளத்திலும் அது செழிக்கிறது. வண்டித்தடத்தின் நடுவில் ஒரு கோடாக நிற்கிறது. சக்கரம் ஓடும் இடத்தில் இருப்பதில்லை. நம் கல்லூரி மைதானத்திலேயே இதைக் காணலாம். எங்கே மாணவர்கள் குறுக்கே நடக்கிறார்களோ அங்கே மட்டும் செம்மண் தெரிகிறது.

நிறமும் தொலைவும்

பெட்டியில் பார்க்கும்போது கண்ணைப் பறிக்கும் பச்சை, அடித்தட்டில் பொருந்துவதில்லை. இதற்கும் கணக்கே காரணம். 10 மி.மீ. வீரனை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது, உண்மை மனிதனை 160 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்கு ஒப்பாகும். அவ்வளவு தொலைவில் இருக்கும் வயலை ஒருநாள் மாலை எங்கள் ஊர்க் கரைமேல் நின்று பாருங்கள். தனித் தாள் எதுவும் தெரியாது. பச்சையோடு சிறிது சாம்பலும் சிறிது மஞ்சளும் கலந்து வெளிறித் தெரியும். எனவே சிறிய உருவங்களுக்கு வெளிறிய, மங்கிய நிறமே வேண்டும். ஒன்றுக்கு இரண்டு நிறம் கலந்த கொத்து இன்னும் நல்லது. நைலானுக்கு இயல்பாகவே ஒரு மினுமினுப்பு உண்டு. ஒளியற்ற வார்னிஷ் ஒருமுறை தெளித்தால் அது அடங்கிவிடும். கொத்தின் அடியில் பசை இருந்தாலும் நாளடைவில் விடுபட்டு விழக்கூடும். ஒரு சொட்டு ஃபெவிகால் வைத்து ஒட்டுவது நலம்.

இவ்வளவும் கைத்திறன் சார்ந்தவை. யார் வேண்டுமானாலும் நாலு நாளில் பழகிக்கொள்ளலாம். இதற்கு அப்பால் ஒரு கேள்வி இருக்கிறது. அன்று அந்த வயலில் உண்மையில் என்ன நின்றது? இது கைத்திறன் கேள்வி அன்று; வரலாற்றுக் கேள்வி.

ஆளை மறைத்த பயிர்

என் வீரர்கள் குவாத்ர பிரா என்னும் இடத்தில் போரிட்ட 44-ஆம் படைப்பிரிவினர். பெல்ஜியத்தில் நான்கு சாலைகள் கூடும் சந்திப்பு அது. பெயருக்கு 'நான்கு கைகள்' என்று பொருள். வாட்டர்லூப் போருக்கு இரண்டு நாள் முன்னதாக, 1815 ஜூன் 16 அன்று, பிரெஞ்சுத் தளபதி நேயின் படைகளும் வெலிங்டனின் படைகளும் அங்கே மோதின. சந்திப்பைச் சுற்றிலும் விளைந்திருந்தது ரை என்னும் தானியம். கோதுமைக்கு உறவான பயிர். அக்கால ரை இன்றைய குட்டை ரகம் போன்றதன்று. ஆள் உயரத்துக்கும் மேல் வளர்வது. அந்தப் பயிருக்குள் நின்ற வீரனுக்குப் பத்து அடி தள்ளி வருவது யார் என்று தெரியவில்லை.

விளைவு கொடியதாக இருந்தது. குதிரைப்படை பாய்ந்து வரும்போது காலாட்படை சதுர வியூகம் அமைத்து நிற்பது அக்காலப் போர்முறை. அதற்கு ஓரிரு நிமிட அவகாசமாவது வேண்டும். அந்த அவகாசத்தை ரைப் பயிர் பறித்துவிட்டது. 42-ஆம் படைப்பிரிவினர் சதுரத்தை முடிக்கும் முன்பே பிரெஞ்சு ஈட்டிக் குதிரை வீரர்கள் வந்து சேர்ந்துவிட்டனர். 44-ஆம் படைப்பிரிவினருக்குச் சதுரம் அமைக்கவே நேரமில்லை. பின்வரிசையினர் நின்ற இடத்திலேயே திரும்பி நின்று சுட்டுத் தப்பினர். அன்று மாலை 69-ஆம் படைப்பிரிவு மார்புக்கவசக் குதிரைப்படையிடம் சிக்கித் தன் கொடிகளில் ஒன்றை இழந்தது.

இந்தச் செய்திகளைப் படித்த பிறகு, அந்த வீரர்களின் காலடியில் 2 மி.மீ. பச்சைப் பொட்டுகளை ஒட்டி நிறுத்த என் மனம் இடங்கொடுக்கவில்லை. அங்கே புல் அலங்காரமாக இருக்கவில்லை. மனிதர்கள் இறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 44-ஆம் படைப்பிரிவைக் கணுக்கால் புல்லில் நிறுத்திவிட்டு, "இவர்கள் ஏன் குதிரைகளைப் பார்க்கவில்லை?" என்று கேட்டால், அவர்களைக் கோழைகள் என்றோ மூடர்கள் என்றோதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். புல்லின் உயரத்தைப் பொய்யாக்கினால் மாண்டவர் மேல் பழி விழுகிறது.

பயிரைப் பற்றிக் கேட்டவர்

இப்படி எண்ணியவன் நான் மட்டும் அல்லன் என்பதை நூலகத்தில் படித்தபோது அறிந்தேன். வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1830-ஆம் ஆண்டில் வாட்டர்லூப் போர்க்களத்தின் மாதிரி ஒன்றை அமைக்கும் பணியை மேற்கொண்டார். அவர் அப்போரில் கலந்துகொண்டவர் அல்லர். ஆகவே களத்துக்கே சென்று, லா ஹே சேன்ட் என்னும் பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி, நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்தார். அதற்குள் களமே மாறிப்போயிருந்தது. 1826-இல் கட்டி முடிக்கப்பட்ட சிங்க மேட்டுக்காக, போர் நடந்த மேட்டின் மண்ணையே வெட்டி எடுத்திருந்தார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நின்ற பயிரைத்தான் எங்கே போய்ப் பார்ப்பது?

சைபோர்ன் ஒரு வழி கண்டார். போரில் பங்கேற்ற அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை போலக் கடிதம் எழுதினார். ஜூன் 18 மாலை ஏறத்தாழ 7 மணிக்கு உங்கள் படை எங்கே நின்றது, எதிரி எப்படி நின்றான் என்று கேட்டதோடு, உங்களைச் சுற்றியிருந்த வயல்களில் என்ன பயிர் இருந்தது என்றும் கேட்டார். நூற்றுக்கணக்கான பதில்கள் வந்தன. அவற்றில் ஒரு பகுதியை அவர் மகன் 1891-இல் நூலாக வெளியிட்டார். வாட்டர்லூ ஆராய்ச்சியாளர்களுக்கு இன்றும் அக்கடிதங்கள் பெருஞ்செல்வம். ஒரு மாதிரியின் வயலுக்கு எந்த நிறம் பூசுவது என்ற கவலையும் சேர்ந்துதான் அந்தச் செல்வத்தைத் தேடித் தந்தது என்பதை எண்ணும்போது வியப்பாக இருக்கிறது.

மாதிரி 1838-இல் இலண்டனில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஒரு மைல் நிலத்தை ஒன்பது அடியாகச் சுருக்கிய அந்த மாதிரியில் ஒரு சென்டிமீட்டர் அளவேயான உருவங்கள் எழுபதாயிரத்துக்கும் மேல் இருந்தன. ஆனால் சைபோர்னுக்குக் கிடைத்தது துன்பமே. அரசு பாதியில் பண உதவியை நிறுத்திவிட்டது. அவர் கடன் வாங்கி வேலையை முடித்தார். அந்த மாலை 7 மணிக்குப் பிரஷ்யப் படை எவ்வளவு தூரம் வந்திருந்தது என்பதில் வெலிங்டன் தரப்புக்கும் அவருக்கும் கருத்து வேறுபட்டது. கடைசியில் பிரஷ்ய உருவங்கள் பல அகற்றப்பட்டன. 1849-இல் அவர் கடன் சுமையோடே மறைந்தார். அந்த மாதிரி இன்று இலண்டன் தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவருடைய கதையில் எனக்கு ஒரு பாடம் இருந்தது. படைகள் எங்கே நின்றன என்ற கேள்விக்குப் பின்னால் பெருமையும் பதவியும் இருந்தன; அதனால் பூசல் வந்தது. பயிர் என்ன என்ற கேள்விக்குப் பின்னால் எவருடைய பெருமையும் இல்லை. அதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவே.

மறைப்பதா, காட்டுவதா?

குவாத்ர பிராவின் பயிரை ஆள் உயரத்துக்கு அமைப்பதென்று முடிவு செய்தாயிற்று. 10 மி.மீ. அளவில் 12 மி.மீ. உயரம் என்பது 192 செ.மீ. அதுவே பொருத்தம். ஆனால் கடையில் வாங்கும் 12 மி.மீ. கொத்து வட்டமாகவும் விரிந்தும் நிற்கும். பயிரைப் போல் நெருங்கி நிற்காது. இதற்கு மேலைநாட்டு விளையாட்டாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் வழி ஒன்று எனக்கு மகிழ்ச்சியூட்டியது. வீட்டு வாசலில் போடும் தென்னை நார் மிதியடியை வாங்கி வெட்டி வயலாக வைத்துக்கொள்கிறார்களாம்! நம் ஊர்த் தென்னையின் நார் அவர்கள் மேசையில் ஐரோப்பியக் கோதுமையாக விளைகிறது. நான் எங்கள் வீட்டுப் பழைய மிதியடியின் ஒரு மூலையை அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். நாரை 12 மி.மீ. உயரத்துக்குக் கத்தரித்தேன். ஜூன் நடுவில் ரை முழுதும் பழுத்திராது. பச்சை மங்கி வெளிறத் தொடங்கும் பருவம். எனவே நாரின் பொன்னிறத்தின் மேல் சாம்பல் கலந்த இளம்பச்சையை நீர்த்துப் பூசினேன்.

அப்போதுதான் உண்மையான சிக்கல் எழுந்தது. 12 மி.மீ. பயிருக்குள் 10 மி.மீ. வீரனை நிறுத்தினால் அவன் தெரியவே மாட்டான். ஒவ்வொரு வீரனுக்கும் செஞ்சட்டை, வெள்ளைப் பட்டை, பொத்தான் என்று இரவுகள் கண்விழித்துப் பூசியிருந்தேன். இருபத்துநான்கு பேர். உண்மையைச் சொன்னால் என் உழைப்பு மறைந்துவிடும். உழைப்பைக் காட்டினால் உண்மை மறைந்துவிடும். எதை விடுவது?

இரண்டு நாள் அந்த அடித்தட்டு வெறுமையாகக் கிடந்தது. பிறகு நடை பற்றி நினைத்தேன். இருபத்துநான்கு பேர் இரண்டு வரிசையாகப் பயிருக்குள் முன்னேறினால் அவர்கள் வந்த வழி என்னவாகும்? மிதிபடும். அவர்களுக்கு முன்னால் பயிர் நிமிர்ந்து நிற்கும். பின்னால் சாய்ந்து கிடக்கும். ஆகவே 60 மி.மீ. அகலமும் 40 மி.மீ. ஆழமும் உள்ள தட்டில் முன்பாதிக்கு உயர்ந்த நாரை நட்டேன். நடுவில் வீரர்களை நிறுத்தினேன். பின்பாதியில் நாரைச் சாய்த்து, பசையிட்டு, விரலால் அழுத்தி ஒட்டினேன். இடையிடையே ஈரமண் நிறம். ஓரத்தில் மட்டும் வெட்டிய 2 மி.மீ. கொத்துகள் இரண்டு.

தட்டை மேசையில் வைத்துச் சுற்றி வந்து பார்த்தேன். படைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆடுபவருக்குத் தம் வீரர்கள் முழுமையாகத் தெரிகிறார்கள். எதிரில் உட்காருபவருக்குப் பயிரின் மேல் உயரத் தொப்பிகளின் நுனி மட்டும் தெரிகிறது. அன்று இரு தரப்பும் கண்டதும் அதுவே. உயரம் சரியாக அமைந்ததும் அந்தக் களம் தானே விளங்கியது.

"யாரு வெள்ளாமை?"

விடுமுறையில் அந்தத் தட்டை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். அப்பா விவசாயி. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். வீரர்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மிதிபட்டுக் கிடந்த பின்பாதியைச் சுட்டிக் காட்டி, "இது யாரு வெள்ளாமை தம்பி?" என்றார்.

"பெல்ஜியத்திலே ஒரு விவசாயியோடதுப்பா."

"கதிர் வந்த பயிரு. அறுக்க எத்தனை நாள் இருந்துச்சு?"

"ஒரு மாசத்துக்கு மேலே இருக்கும்."

"அவனுக்கு யாரு என்ன குடுத்தாங்க?"

வெலிங்டன், நே, கெல்லர்மான் என்று பெயர்கள் என் நாவில் இருந்தன. படைப்பிரிவுகளின் எண்கள் இருந்தன. அந்த வயலுக்கு உரியவனின் பெயர் நான் படித்த எந்த நூலிலும் இல்லை. அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. "நாரு நல்லா இருக்கு" என்று சொல்லித் தட்டைத் திருப்பித் தந்தார். முந்தைய ஆண்டு பெருமழையில் எங்கள் நெல் சாய்ந்து கிடந்தபோது அவர் வரப்பில் நின்ற நிலை எனக்கு நினைவுக்கு வந்தது. சாய்ந்த பயிரைப் பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்தது உடையவனின் முகம்.

ரை என்பது ஐரோப்பிய ஏழைகளின் ரொட்டி. இலையுதிர் காலத்தில் விதைத்து, பனியைத் தாண்டி, மறுகோடையில் அறுப்பது. 1815-இல் அந்த வட்டாரத்தின் வயல்களில் ஒன்பது மாத உழைப்பு நின்றது. ஜூன் 16-இல் ஒரு பகுதி போயிற்று. 17-ஆம் நாள் பிற்பகல் தொடங்கி இரவெல்லாம் பெருமழை. 18-ஆம் நாள் வாட்டர்லூவில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்களும் பல்லாயிரம் குதிரைகளும் எஞ்சியதைச் சேறாக்கினர். காலையில் ஆளை மறைத்த பயிர் மாலைக்குள் தரையோடு தரையாயிற்று. அந்த மாலையைக் காட்டும் அடித்தட்டில் நிமிர்ந்த பயிரை வைப்பது பொய். அங்கே சேறும், அதில் புதைந்த தாளும், எங்கோ ஓரத்தில் தப்பிய ஒரு கொத்துமே மெய்.

இதன் பிறகு நானும் நண்பர்களும் ஆடும் ஆட்டத்தில் ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டோம். வயலின் வழியே படை சென்றால் நின்ற நார்த்துண்டை எடுத்துவிட்டுச் சாய்ந்த நார்த்துண்டை வைக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் வென்றவர் யார் என்பதோடு, மிதிபட்ட துண்டுகள் எத்தனை என்பதையும் எண்ணி ஏட்டில் எழுத வேண்டும். அதற்கு மதிப்பெண் கிடையாது. வெற்றி தோல்வியை அது மாற்றுவதும் இல்லை. எழுதி வைக்கிறோம், அவ்வளவுதான். முதல் நாள் சிரித்த நண்பனே இப்போது எண்ணுகிறான். சென்ற வாரம் அவன் வயலைச் சுற்றிக்கொண்டு போகத் தன் படைக்கு ஒரு முறை அதிகம் செலவழித்தான். அந்த ஆட்டத்தில் தோற்கவும் செய்தான்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இந்தக் கலையில் ஈடுபட விரும்புவோர் கடைப்பெட்டியைத் திறக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும். என் வீரன் எத்தனையில் ஒரு பங்கு? எவ்வளவு தொலைவிலிருந்து அவனைப் பார்க்கப் போகிறோம்? அது எந்த ஊர், எந்த மாதம்? அவன் நடந்த வழி எது, இன்னும் நடக்காத வழி எது? இந்நான்குக்கும் விடை கிடைத்தால் எந்தக் கொத்து வேண்டும் என்பது தானாகவே விளங்கும். பணம் கொடுத்து வாங்க முடியாதவர்க்கும் குறையில்லை. தென்னை நாரும் சணலும் மரத்தூளும் பழைய தூரிகையின் மயிரும் நம் வீடுகளிலேயே இருக்கின்றன.

ஈடுபடாதவர்களும் இதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நம் மண்ணிலும் போர்கள் நடந்திருக்கின்றன. வந்தவாசியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியது 1760 ஜனவரி 22. தை மாதம். சம்பா அறுவடைப் பருவம். அயர் கூட்டும் லாலியும் அங்கே என்ன செய்தார்கள் என்பதை நாம் பாடமாகப் படிக்கிறோம், தேர்வில் எழுதுகிறோம். ஐரோப்பியக் கோடைப் பச்சை நிறக் கொத்து அந்தக் களத்துக்கு உதவாது. அங்கே அடித்தட்டில் என்ன நட வேண்டும் என்ற கேள்வியோடு ஏரிக்கரையில் நடந்து, அவ்வூர்ப் பெரியவர்களிடம் எந்தப் பட்டத்தில் எது விளையும் என்று கேட்டுப் பார்த்தால், நம் பாடநூலில் இல்லாத ஒரு பக்கம் திறக்கும்.

வரலாறு படிக்கும் நாம் மாமன்னர்களையும் தளபதிகளையும் நிமிர்ந்து பார்த்துப் பழகியவர்கள். ஒருமுறை குனிந்து அவர்கள் காலடியையும் பார்ப்போம். அங்கே நின்ற புல் எத்தனை உயரம் என்று கேட்போம். அதை நட்டவர் யார் என்பதையும் சேர்த்தே கேட்போம்.